சொல்லாத வீடு

மார்ச் 3, திங்கள்

ஒன்றரை மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் வேலைக்குப் போனேன். தையல் போட்ட இடம் பஸ்ஸுல ஒவ்வொரு பள்ளத்துக்கும் சுருக்குன்னுச்சு. ஸ்டெபிக்கு இன்னைக்குப் ப்ளஸ் டூ முதல் பரீட்சை, தமிழ். "ஈஸியா இருந்துச்சும்மா"ன்னா. எல்லாப் பரீட்சைக்கும் அவ இதைத்தான் சொல்லுவா, மார்க்கு வந்தப்புறம்தான் அழுவா.

ஆபீஸ்ல என் மேஜை மேல தூசி ஒரு விரக்கடை. கோமதி மேடம், "அருள்சீலி, இளைச்சுட்டீங்களே"ன்னாங்க. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கல. கர்ப்பப்பையை எடுத்தா எடை குறையாம கூடவா செய்யும்?

எங்க வேலையை யார்கிட்டயும் முழுசாச் சொல்லிக்கிறதில்ல. கல்யாண வீட்டுல கேட்டா ஹெல்த் டிபார்ட்மெண்டுன்னு சொல்லிட்டு இலையில கையை வெச்சுருவேன். திண்டுக்கல் ஜில்லாவுல யாருக்கெல்லாம் கேன்சர் வந்துருக்குன்னு எண்ணுறதுதான் வேலை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா, லேப் லேபாப் போயி, பேரு, வயசு, ஊரு, உடம்புல எந்த இடம்னு எடுக்கணும். அப்புறம் வருஷா வருஷம் போன்லயோ நேர்லயோ விசாரிக்கணும், ஆள் இருக்காங்களா இல்லையான்னு. நாங்க எண்ணி அனுப்புறதுதான் நாட்டுக் கணக்குல போய்ச் சேருது. முபாரக்கும் நானும்தான் வெளிவேலைக்கு. தம்பி எனக்கு அப்புறம் சேர்ந்தவன், ஆனா என்னைவிட வேகம்.

ஜனவரி, பிப்ரவரி கேஸ் எடுக்க வேண்டிய இடங்களை மேடம் பிரிச்சுக் குடுத்தாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேப் என் பங்கு. என்னோட கர்ப்பப்பையும் பயாப்சிக்கு அங்கதான் போச்சு. ரிசல்ட் வாங்கினது எங்க வீட்டுக்காரருதான். நார்மல்னு சொல்லிட்டாரு, அதோட முடிஞ்சுது. அந்த லேபுக்கு அடுத்த வாரம் போறேன்னு மேடத்துக்கிட்டச் சொல்லிட்டேன். வழியில இருக்கிற மத்த இடங்களை முதல்ல முடிக்கலாம்ல.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலையில கோவில்ல சாம்பல் பூசிக்கிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அவரு, "இந்தத் தவக்காலம் பூரா நான் கஞ்சிதான். காரம் வேணாம், கறி வேணாம். பாக்கையும் விட்டுட்டேன்"ன்னாரு.

நான் சிரிச்சுட்டேன். கல்யாணமான வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை அன்னைக்கு ஒளிஞ்சு ஆம்லெட் தின்ன மனுஷன். குட்டியானை லோடு வண்டி ஓட்டுறவரு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு விடியறதுக்குள்ள போகணும், தூக்கம் வராம இருக்கப் பாக்குப் பொட்டலம் கடைவாயிலேயே கிடக்கும். நானும் இத்தனை வருஷமாக் கத்திப் பாத்துட்டேன், கேன்சர் ஆபீஸ்ல வேலை பாக்குறவ வீட்டுலயே இப்படியான்னு. கேட்டதே இல்ல.

யாருக்காக இந்த நேர்த்தின்னு கேட்டேன். "வீட்டுக்காகத்தான்"னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

என் பேரைச் சொல்லல. சொல்லாததுதான் உறுத்துது.

மார்ச் 7, வெள்ளி

வத்தலக்குண்டு பக்கம் ஒரு வீடு. வயித்துல கேன்சர், பெரியவர். கேட் கிட்டப் போனதுமே மகன் ஓடிவந்து வழியை மறிச்சுக்கிட்டான். அப்பாவுக்கு அல்சர்னு சொல்லி வெச்சுருக்கோம், அந்தப் பேரை மட்டும் எடுத்துராதீங்கன்னு கெஞ்சுனான். பாதி வீடு இப்படித்தான். நானும் முபாரக்கும் இதுக்குச் சொல்லாத வீடுன்னு பேரு வெச்சுருக்கோம். அந்த மாதிரி வீட்டுக்குள்ள போனா நான் சுகர், பிரஷர் கணக்கெடுக்க வந்த பொம்பளை. என்ன சாப்பிடுறீங்க, எப்பத் தூங்குறீங்கன்னு சுத்திச் சுத்திக் கேட்டு வேண்டியதை வாங்கிக்கிட்டு வந்துருவேன்.

சொல்லாத வீட்டை நான் வாசல்லயே கண்டுபிடிச்சுருவேன். யாராவது ஒருத்தர் போனை எடுத்துக்கிட்டு வெளியே போய்ப் பேசுவாங்க. டேபிள்ல தேவைக்கு மேல பழம் இருக்கும். ஆஸ்பத்திரி ஃபைல் அந்த வீட்டுல இருக்காது, தம்பி வீட்டுலயோ மச்சான் வீட்டுலயோ இருக்கும். எல்லாத்துக்கும் மேல, வீட்டுல யாரும் சண்டை போட மாட்டாங்க. எந்த ஆளுக்கு மட்டும் விஷயம் தெரியாதோ அந்த ஆள்தான் நோயாளி. ஒரு தடவைகூட நான் தப்பினதில்ல.

பெரியவர் எனக்கு மோர் குடுக்கச் சொன்னாரு. குடிச்சுட்டு வந்தேன்.

மார்ச் 8, சனி

கொழுந்தன் அமலதாஸ் வந்தான். ஒரு பை நிறைய ஆரஞ்சு. எதுக்குடா இவ்வளவுன்னு கேக்க வாய் வந்துச்சு, கேக்கல.

மார்ச் 10, திங்கள்

பயாப்சி ரிசல்ட்டைத் தேடினேன். சும்மா, அடுக்கி வைக்கலாம்னுதான். பீரோவுல டிஸ்சார்ஜ் பேப்பர் இருக்கு, ஸ்கேன் இருக்கு, மருந்துச் சீட்டெல்லாம் இருக்கு. அது மட்டும் இல்ல.

அவருகிட்டக் கேட்டேன். இன்சூரன்ஸுக்கு ஜெராக்ஸ் எடுக்கணும்னு அமலதாஸ்கிட்டக் குடுத்துருக்காராம். சொல்லும்போது என் கண்ணைப் பாக்கல. சரின்னுட்டு அரிசி களைய வந்துட்டேன். அரிசியை மூணாந்தரமும் களைஞ்சுக்கிட்டு நிக்கிறேன், ஸ்டெபி வந்து, "போதும்மா, கரைஞ்சுரும்"ன்னா.

தண்ணிக் குடத்தை என்னைத் தொடவிடுறதில்ல. நேத்துக் குழம்புல உப்பு ஜாஸ்தி, எனக்கே வாயில வைக்க முடியல. முன்னாடியா இருந்தா தட்டை நகர்த்தி வெச்சுட்டு ஒரு பாட்டம் பேசியிருப்பாரு. இப்ப அவருக்குத்தான் கஞ்சி ஆச்சே, ஒண்ணும் சொல்லல. அமலதாஸ் போன் பண்ணா எந்திரிச்சு வண்டிகிட்டப் போய் நின்னு பேசுறாரு.

ஆளும் இளைச்சுட்டாரு. சட்டை தோள்ல நிக்கல. என்னை நினைச்சு நினைச்சுத்தான்.

மேலே உள்ள வரியை அடிச்சுரலாமான்னு பாத்தேன். இருக்கட்டும். நார்மல்னு சொன்னாங்கள்ல.

மார்ச் 13, வியாழன்

லேபுக்குப் போகல. தலைவலி.

மார்ச் 14, வெள்ளி

அவருக்குக் கடைவாய்ப் பல் வலியாம். கன்னத்தைக் கையால தாங்கிக்கிட்டே கஞ்சி குடிக்கிறாரு. கிராம்பு வெச்சுக்கங்க, உப்புத் தண்ணியில கொப்பளிங்கன்னேன். பல் டாக்டர்கிட்டப் போகச் சொன்னா, பரீட்சை முடியட்டும்ங்கிறாரு. பரீட்சை எழுதுறது ஸ்டெபி, பல்லு இவருது, என்ன சம்பந்தமோ. நானும் அதுக்கு மேல கேட்டுக்கல. என் கவலையே எனக்குப் பெருசா இருக்கு.

ராத்திரி முன்ரூம்ல படுத்துக்கிறாரு. கேட்டா, உனக்குத் தையல்ல கை கால் பட்டுரும்ங்கிறாரு. தையல் ஆறி எத்தனை நாளாச்சு.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிஞ்சு எல்லாரும் வெளியே வந்தாச்சு, இவரைக் காணோம். திரும்பிப் போய்ப் பாத்தா மாதா சுரூபத்துக்கு முன்னாடி முட்டி போட்டுக் கிடக்காரு. தோள் குலுங்குது. இன்னாசிமுத்து அழுது நான் பாத்ததே இல்ல, அவங்க அம்மா செத்தப்பகூட. தூணுக்குப் பின்னாடி நின்னுட்டு, அவரு எந்திரிக்கிறதுக்குள்ள வெளியே வந்துட்டேன்.

எனக்கு முழுசாப் புரிஞ்சுபோச்சு. புரியாம இருக்க நான் என்ன பச்சைப் பிள்ளையா? பழம் இருக்கு, ஃபைல் கொழுந்தன் வீட்டுல இருக்கு, போன் வெளியே போகுது, சண்டையே இல்ல. என் வீடு சொல்லாத வீடாகி எத்தனை நாளாச்சோ.

பயமா இருக்கு. இதை வேற எப்படி எழுதுறதுன்னு தெரியல. துணி துவைக்கும்போதும் இருக்கு, பாத்திரம் கழுவும்போதும் இருக்கு. கர்ப்பப்பை கேஸ் எத்தனை என் கையால எழுதியிருக்கேன். அதுல எத்தனை பேர் இருக்காங்க, எத்தனை பேர் இல்லைன்னு மத்தவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதான் கொடுமை.

ஸ்டெபிக்கு மாவாட்டத் தெரியாது. சோறு வடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

மார்ச் 19, புதன்

மேடம் கூப்பிட்டுக் கேட்டுட்டாங்க. எல்லா இடமும் முடிச்சிருக்கீங்க, பஸ் ஸ்டாண்டு லேப் மட்டும் ஏன் நிக்குதுன்னு. மாடிப்படி ஏற முடியலைன்னேன். அந்த லேப் தரைத்தளத்துல இருக்கு. மேடத்துக்கும் அது தெரியும். முபாரக்கைப் போகச் சொன்னாங்க.

போய் நானே பாத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. முடியல. பேரைப் பாத்துட்டேன்னா அது நிஜமாயிரும். பாக்காத வரைக்கும் நார்மல்தான்.

மார்ச் 20, வியாழன்

மத்தியானம் முபாரக் திரும்பி வந்தான். எப்பவும் உள்ளே நுழையும்போதே, "அக்கா, சாப்பாடு என்ன"ன்னு டப்பாவைத் திறக்கிறவன். இன்னைக்கு நேரா அவன் மேஜைக்குப் போய் உக்காந்துட்டான். பேப்பரைக் கவுத்து வெச்சுட்டான். நான் பாக்கும்போது குனிஞ்சுக்கிட்டான், நான் குனியும்போது பாத்தான்.

நாலு மணிக்கு டீ வாங்கிக் குடுத்தான். அவன் காசுல முபாரக் டீ வாங்கி இந்த ஆபீஸ் பாத்ததில்ல. "அக்கா, கொஞ்ச நாள் லீவு போட்டு வீட்டுல இருங்களேன். வேலையை நான் பாத்துக்கிறேன்"ன்னான். எதுக்குன்னு கேட்டேன். ஸ்டெபி பரீட்சைன்னு இழுத்தான். கண்ணு கலங்கியிருந்துச்சு.

அவனைக் குத்தம் சொல்ல முடியாது. லேப்ல பாத்ததை வெளியே சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுத்தான் எங்களை வேலைக்கே எடுத்தாங்க. அண்ணன் தம்பி பேரே இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. அவனுக்கு அந்த விதியைச் சொல்லிக் குடுத்ததே நான்தான்.

டீயை முழுசாக் குடிச்சேன். அவன் பாத்துக்கிட்டிருந்தான்.

மார்ச் 22, சனி

ஸ்டெபிக்கு மாவாட்டக் கத்துக் குடுத்தேன். நாளைக்கழிச்சுப் பரீட்சையை வெச்சுக்கிட்டு இப்பப் போயான்னு அவளுக்கு எரிச்சல். உளுந்து எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். என் குரல் ஒரு மாதிரி ஆனதும் அவ திரும்பிப் பாத்தா. வெங்காயம்னேன். அடுப்படியில வெங்காயமே இல்ல.

அவருக்குப் பல்வலி இன்னும் நிக்கல. பேச்சும் சரியா வரல, வாயை மூடிக்கிட்டே பேசுறாரு. என்கிட்டப் பேசப் பிடிக்காமத்தான் அப்படின்னு நினைச்சுக் கோவம் வந்துச்சு. சாகப் போறவகிட்ட நாலு வார்த்தை நல்லாப் பேசுனா என்ன? கத்தணும்போல இருந்துச்சு, கத்தல.

மார்ச் 25, செவ்வாய்

பரீட்சை முடிஞ்சுருச்சு. ஸ்டெபி தோழி வீட்டுக்குப் போயிட்டா.

சாயங்காலம் அவரு பக்கத்துல வந்து உக்காந்தாரு. நாளைக்குக் காலையில மதுரைக்குப் போகணும், அமலதாஸும் வர்றான், ஒரு வாரம் பத்து நாள் ஆனாலும் ஆகும்னாரு. என்ன வேலைன்னு கேட்டேன். வண்டி வேலைன்னாரு.

மதுரைன்னா என்னன்னு எனக்கா தெரியாது? நம்ம ஜில்லா கேஸ்ல பாதி அங்கதான் போகுது. பரீட்சை முடியக் காத்துட்டு இருந்துருக்காரு. நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போகப் போறாரு, போற வழியில சொல்லுவாரு. சரி, சொல்லட்டும்.

மார்ச் 26, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

காலையில எந்திரிச்சு நல்ல சேலையாக் கட்டிக்கிட்டேன். வாசல்ல குட்டியானை நிக்குது, முன்சீட்டுல ஒரு பை. திறந்து பாத்தேன். ரெண்டு லுங்கி, துண்டு, பனியன், ஒரு எவர்சில்வர் டம்ளர். எல்லாம் அவரோடது. எனக்கு அங்கேயே சுர்ருன்னு ஏறிருச்சு. அவரு வந்ததும், "ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கப் போறது நான். உங்க துணியா அடுக்கி வெச்சுருக்கீங்க. எனக்கு ஒரு நைட்டிகூட எடுத்து வைக்கலையா"ன்னு கேட்டேன்.

நான் வண்டியில ஏறி உக்காந்துக்கிட்டேன். எல்லாம் தெரியும், இனிமே மறைக்காதீங்க, எந்த ஸ்டேஜுன்னு மட்டும் சொல்லுங்கன்னேன். எதையெதையோ பேசினேன். ஸ்டெபியை அமலதாஸ் வீட்டுல விடக் கூடாது, அவளை நர்சிங் படிக்க வைக்கணும், எங்க அம்மா வளையல் அவளுக்குன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவரு டிரைவர் சீட்டுல வந்து உக்காந்து கதவைச் சாத்துனாரு.

"சீலி, உன் ரிசல்ட்டு நார்மல்தான். நிஜமாவே நார்மல்" அப்படின்னாரு. "எனக்குத்தான். வாயில."

அந்த நேரம் என் மனசுல என்ன ஓடுச்சுன்னு எழுதாம இருந்துரலாம். யாரும் கேக்கப் போறதில்ல. ஆனா எழுதுறேன். அப்பாடான்னு இருந்துச்சு. மூச்சு தானா வெளியே வந்துச்சு, தோள் ரெண்டும் இறங்கிச்சு. எனக்கில்ல, எனக்கில்லன்னு உடம்பு பூரா ஓடுச்சு. அதுக்கப்புறம்தான் அவரு சொன்னதோட மிச்சம் காதுல விழுந்துச்சு.

அவரு என் முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. நான் மூச்சு விட்டதைப் பாத்துட்டாரு. கோவப்படல. என் கையைப் பிடிச்சு, "ரொம்பப் பயந்துட்டியா? உனக்கு ஒண்ணுமில்லம்மா. பயப்படாத"ன்னு அவரு எனக்கு ஆறுதல் சொல்றாரு.

பாவி மனுஷன். நானும்தான் பாவி.

என் ரிசல்ட்டை வாங்கப் போன அன்னைக்கு, ஆஸ்பத்திரியில இருந்த டாக்டர்கிட்டச் சும்மா வாய்ப்புண்ணைக் காட்டியிருக்காரு. டாக்டர் உடனே சதை எடுத்து அதே லேபுக்கு அனுப்பிட்டாரு. மதுரைக்குப் போய் சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிக்கங்கன்னு பிப்ரவரியிலேயே சொல்லியாச்சு. எனக்குத் தையல் ஆறட்டும், பிள்ளை பரீட்சை முடியட்டும்னு இவரு தள்ளிப் போட்டுருக்காரு. ரெண்டு பேர் ரிசல்ட்டும் ஒரே கவர்ல போட்டு வெச்சிருந்ததால அதையே அமலதாஸ்கிட்டக் குடுத்து வெச்சுருக்காரு. கஞ்சி குடிச்சதும் நேர்த்திக்காக இல்ல, வேற எதையும் மெல்ல முடியாமத்தான். தவக்காலம் நல்ல சாக்காக் கிடைச்சுருக்கு.

என்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டேன். என்கிட்டப் போய், வேற யார்கிட்ட வேணா மறைக்கலாம், என்கிட்டப் போய் எப்படின்னு கேட்டேன். ஸ்டியரிங்கைப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"நீதான் சீலி கணக்கெடுக்கிறவ. இந்த நோவுல யாரு இருப்பான், யாரு போயிருவான்னு உனக்கு அத்துபடி. மத்தவங்க பொண்டாட்டிகிட்டச் சொன்னா அழுவாங்க, அப்புறம் சரியாயிரும்னு நம்புவாங்க. உன்னால நம்ப முடியாதே. சோறு போடும்போது நீ என்னை அப்படி ஒரு பார்வை பாத்துட்டேன்னா நான் அன்னைக்கே செத்துருவேன்னு பயமா இருந்துச்சு."

வாயைத் திறங்கன்னேன். வேணாம்னாரு. திறங்கன்னேன். போன் லைட்டை அடிச்சுப் பாத்தேன். என் ரெண்டு விரல் நுழையிற அளவுக்குத்தான் திறக்க முடியுது. எத்தனை ஊர்ல, எத்தனை பேரை வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்திருப்பேன். இவருக்குக் கிராம்பு வெச்சுக்கச் சொன்னேன்.

வலது கன்னத்துக்கு உள்பக்கம். எவ்வளவு பெருசுன்னு இங்க எழுதப் போறதில்ல. பாத்ததை என் முகத்துல காட்டாம இருக்கப் பாத்தேன். முடிஞ்சுதான்னு தெரியல. அவரு கண்ணை மூடிக்கிட்டாரு.

அதுக்குள்ள அமலதாஸ் வந்துட்டான். என் நைட்டி ரெண்டை எடுத்து அந்தப் பையிலேயே திணிச்சேன். ஸ்டெபிக்குப் போன் பண்ணி மாவு புளிக்காம ஃபிரிட்ஜுல வைக்கச் சொன்னேன். ஏன்னு கேட்டா. வந்து சொல்றேன்னு ஆரம்பிச்சவ, இல்ல, இப்பவே கேட்டுக்கடின்னு முழுசையும் சொல்லிட்டேன். அவ அழுததை வண்டி நத்தம் ரோடு தாண்டுற வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தோம்.

மார்ச் 28, வெள்ளி, மதுரை

ஸ்கேன் எடுத்தாச்சு. கழுத்துக்குப் பரவியிருக்கான்னு இன்னைக்குத்தான் தெரியும். பிப்ரவரியிலேயே வந்திருந்தீங்கன்னான்னு டாக்டர் பாதியில நிறுத்திட்டாரு. நான் மிச்சத்தைக் கேக்கல. எனக்குத் தெரியும்.

முபாரக் போன் பண்ணான். "அக்கா, அண்ணன் கேஸை நான் எழுதிட்டேன், நீங்க எழுத வேணாம்"ன்னான். சரின்னேன்.

காலையில கஞ்சி வாங்கிக் குடுத்தேன். குடிக்கும்போது அவரைப் பாக்காம ஜன்னலைப் பாத்துக்கிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "என்னைப் பாருடி"ன்னாரு. பாத்தேன். எப்படிப் பாத்தேன்னு தெரியல, அவரு திரும்பவும் டம்ளரை எடுத்துக் குடிச்சாரு.

இது எனக்கே வந்திருக்கக் கூடாதான்னு இப்ப எழுதத் தோணுச்சு. பேனாவை வெச்சுட்டு அது நிஜமான்னு யோசிச்சேன். புதன்கிழமை நான் விட்ட மூச்சு ஞாபகம் வருது. நிஜமான்னு தெரியல. அதனால எழுதல.

பேரைக் கூப்பிடுறாங்க. இன்னாசிமுத்து, திண்டுக்கல். அவரு எந்திரிக்கல, என் கையைத்தான் பாக்குறாரு. போறோம்.